பெரியவள் முடி சுருண்ட கதை

டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயசில் வந்த வினையைக் கேளுங்கள். பிறந்ததிலிருந்து சாட்டை மாதிரி நேராகத் தொங்கிய முடி, மாதவிலக்கு நின்ற கையோடு முறுக்கிக்கொண்டது. முதலில் காதோரம் நாலு இழை. அப்புறம் தலை முழுக்கக் கம்பி கம்பியாக, எண்ணெய் வைத்தாலும் அடங்காமல் எழும்பி நின்றது. இவளும் விடுவாளா? காய்ந்த முடியை வறக் வறக்கென்று சீவினாள். சீவச் சீவ இன்னும் உப்பியதுதான் மிச்சம்.

ஒரு நாள் காரில் சொல்லிக்கொடுக்க, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள். ஓட்டப் பழகிய பேங்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், அந்தப் பக்கக் கண்ணாடி தெரியல. உங்க முடி மறைக்குது."

மானமே போயிற்று!

இதற்கு வழி தெரிந்த ஒரே ஆள், பிறவிச் சுருட்டையான தங்கச்சிதான். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது? "தலையா, தேங்காய் நாரா? குடுடி, பாத்திரம் தேய்க்கணும்" என்று காலமெல்லாம் அவளை ஓட்டியதே இவள்தானே! வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டால்? இருந்தும் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, தலைல துணி? ஜுரமா?"

பெரியவள் துணியை அவிழ்த்தாள்.

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கடைசியில் தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். "தேங்காய் நார்" என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு "தே... தே..." என்பதற்கு மேல் வரவில்லை. பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் அதுவும் சிரிப்பாகத்தான் வந்தது.

"வா பாத்ரூமுக்கு" என்று இழுத்துக்கொண்டு போனாள் தங்கச்சி. "இனிமே தினம் ஷாம்பு போடாதே. காஞ்ச முடில சீப்பே வைக்காதே. கண்டிஷனர் போட்டு, ஈரத்துலயே அகலப் பல் சீப்பால நுனிலேர்ந்து சிக்கெடு. ஐயோ, துண்டால தேய்க்காதே!" பழைய பனியனால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "இப்படியே காயட்டும். தொட்டே, கையிலயே போடுவேன்!"

"இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

"உன்ன மாதிரி ஆகணும்னு ஒருதடவை அயர்ன் பாக்ஸ வெச்சுத் தேச்சேன்கா. பாதி முடி கருகிடுச்சு. பேன் தொல்லைன்னு வெட்டிட்டேன்னு சொன்னேன்ல? அதான் அது. அதுக்கப்புறம் இத இப்படியே வளர்க்கக் கத்துக்கிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெரியவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பேன்தலை என்று அதற்கும் ஓட்டியிருந்தாள்.

"தப்புடி. ரொம்பத் தப்பு பண்ணிட்டேன்."

"சரி சரி, தலைய ஆட்டாதே. கலைஞ்சிடும்."

முடி காய்ந்தது. கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். அலை அலையாக, சுருள் சுருளாக, தோள் வரைக்கும் துள்ளிக்கொண்டு நின்றது.

"அடியே! நான் உன்ன மாதிரியே அழகா இருக்கேன்டி!"

கத்தல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "அட, அக்கா தங்கச்சியா? அச்சு அசல் ஒரே மாதிரி! இதுல பெரியவங்க யாரு?"

எங்கே போனாலும் "நான்தான் மூத்தவ" என்று முன்னால் போய் நிற்கிறவள், தங்கச்சியின் தோளில் கை போட்டாள்.

"இவங்கதாங்க எங்க அக்கா."

தங்கச்சி வாயைப் பிளந்தாள். அப்புறம் சட்டென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஆமாங்க. இவ சின்ன வயசுலேர்ந்தே என் பேச்ச கேக்க மாட்டா."