தேயாத விளக்குமாறு

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவைப் பெருக்கும் காளிமுத்துவின் விளக்குமாறு 1997 பிப்ரவரியிலிருந்து தேயவில்லை. மற்ற துப்புரவுத் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்கினார்கள். ஈர்க்குகள் கல்லில் உரசி நுனி குட்டையாகி, ஒரு கட்டத்துக்குமேல் எத்தனை குனிந்தாலும் தரை எட்டாது. காளிமுத்து பதினான்கு மாதம் புதிதே கேட்கவில்லை. விளக்குமாறு தேயாதவன் வேலை செய்யாதவன் என்று மேற்பார்வையாளர் ராமபத்ரன் மெமோ கொடுத்தார். "தெருவப் பாத்துட்டு மெமோ குடுங்க சாரே" என்றார் காளிமுத்து. சுக்கு மண்டிகள் நிறைந்த அந்தத் தெருவில் சுக்குத் தூசி ஒரு பொட்டு இல்லை.

அதே பிப்ரவரியில்தான் அவர் வலது முட்டிக்குமேல் எலும்பில் ஒரு கட்டி முளைத்தது. முதலில் நெல்லிக்காய், அடுத்த வருஷ விஷுவுக்குள் தேங்காய். புற்று என்றார்கள், ஓணம் கழிந்து தொடையோடு காலை எடுக்கத் தேதியும் குறித்தார்கள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பாலக்காட்டுத் தமிழ்க்காரி டாக்டர் ஸாதனா, கட்டியில் கிள்ளிய துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துத் திகைத்துப்போயிருந்தார். உடம்பின் உயிரணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருக்கும் மரபிழைகளின் நுனி கொஞ்சம் தேயும்; ரொம்பத் தேய்ந்தால் உயிரணு பெருகுவதை நிறுத்திவிடும். நிறுத்த மனமில்லாத புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் நுனியை நீட்டித் தருகிற நொதி ஒன்றை வேலைக்கு வைத்திருக்கும். காளிமுத்துவின் கட்டியில் அந்த நொதி மருந்துக்கும் இல்லை. நுனிகளோ குறையவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்த கையோடு மனைவி பாப்பாவுடன் வந்த காளிமுத்து, விளக்குமாற்றை ஆய்வகச் சன்னலில் சாத்தினார். அதில் ஓர் ஈர்க்கு பாதியில் ஒடிந்திருந்தது. ஸாதனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பக்கத்து ஈர்க்கின்மேல் சாய்ந்து, அதன் உயரத்தை அளந்தபடி நீண்டு, சமமானதும் நிமிர்ந்துகொண்டது. அவர் நுண்ணோக்கிக்கு ஓடினார். அங்கும் தேய்ந்த நுனி பக்கத்து நுனியை மாதிரியாக வைத்துத் தன்னை எழுதிக்கொண்டிருந்தது.

"என்னமா பண்றது பாருங்கோ சேட்டா! பக்கத்தில இருக்கறதப் பாத்து காப்பியடிச்சே பொழைச்சுண்டிருக்கு" என்றார் ஸாதனா.

"கெட்டிக்காரப் பயதான்" என்று காளிமுத்து முட்டியைத் தடவிக்கொடுத்தார். "இந்த வித்தை தெரியாமத்தானே நான் பத்தாங்கிளாசுல தோத்தேன்."

"யோவ், ஒன் காலு போகப் போவுது, நீ அதுக்கு மார்க்கு போடறியா?" என்றாள் பாப்பா. "காப்பியடிக்கிறவன பெஞ்சு மாத்தி உக்கார வச்சா தீந்துச்சு!"

அன்று மாலையே விளக்குமாற்றின் கயிற்றை அவிழ்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு ஈர்க்குகள், நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். சிலர் நாக்கு வழித்தார்கள், சிலர் அடைத்துக்கொண்ட குழாயைக் குத்தினார்கள். பார்த்து நீளப் பக்கத்தில் ஆளில்லாமல் ஈர்க்குகள் தேய்ந்தன. அவை தேயத் தேயக் கட்டி தேங்காயிலிருந்து நெல்லிக்காயாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. ஓணம் கழிந்து வந்த சர்ஜன் வெட்ட எதுவும் காணாமல் சாயா குடித்துவிட்டுப் போனார். காளிமுத்து புது விளக்குமாறு வாங்கினார். அது ஒழுங்காகத் தேய்ந்தது. ராமபத்ரன் மெமோவைத் திரும்பப் பெற்றார்.

2004இல் அதே தெருக்காரர்களான விபினுக்கும் ஜிஷாவுக்கும் கல்யாணமானது. மூன்றாம் வாரம் காளிமுத்துவின் முட்டியில் மறுபடி நெல்லிக்காய். பாப்பா விபின் வீட்டு அடுக்களைக்கு ஓடினாள், காளிமுத்து நொண்டிக்கொண்டு பின்னால். ஜிஷா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்த ஈர்க்கும், விபின் வீட்டார் ஒருநாளும் தொடாமல் வைத்திருந்த ஈர்க்கும் ஒரே டம்ளரில் தோளோடு தோள் நின்றன. இரண்டும் ஒரே உயரம். காளிமுத்து கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார். "ஆறு வருசம் ஆச்சு. படிச்சத மறக்கலயே!" பாப்பா ஒன்றை உருவிக்கொண்டு பஸ் ஏறி, தோப்பும்படி பாலத்துக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தாள்.

அதிலிருந்து அந்தத் தெருவில் சம்பந்தம் பேசுகிறவர்கள், மற்றதெல்லாம் பேசி முடித்ததும், இரண்டு வீட்டிலும் காளிமுத்துவின் பழைய ஈர்க்கு இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார்கள். இருந்தால் ஒன்று பாலம் தாண்டுகிறது. காளிமுத்து கல்யாணச் சாப்பாட்டுக்கு இரண்டு காலாலும் நடந்து வருகிறார்.