நிமிடத்திற்கு நாற்பது மூச்சு

அக்காளின் கொட்டகையில் ஆறு ராட்டைகள் இருந்தன. பிறந்த குழந்தைகளுக்குச் சட்டை பின்னுகிற கடைக்கு அங்கிருந்துதான் கம்பளி நூல் போயிற்று. உரோமம் தம்பியின் மந்தையிலிருந்து வந்தது. அவனுடைய ஆடுகள் வெயிலுக்கு அஞ்சாதவை, உரோமமோ முரடு. குழந்தைகளின் கழுத்துச் சிவந்துபோகிறதென்று கடைக்காரர் இரண்டு முறை நூலைத் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை, இனி அனுப்பவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆடுகளை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இருவரும் பண்ணைக்குப் போனது குளிர்மாதத்தின் ஒரு காலைப்பொழுதில். அங்கே இரண்டு பட்டிகள். ஒன்றில் முகமும் வயிறும் கால்களும் வெறுமையாக, முதுகில் மட்டும் நடுத்தரமான உரோமம் கொண்ட நெட்டைக்கால் ஆடுகள். மற்றொன்றில் கண்ணிமை வரை மெல்லிய உரோமம் மூடிய மெரினோ இன ஆடுகள். அக்காள் ஒவ்வோர் ஆட்டிலும் ஒரு கொத்தைப் பிரித்து, மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தாள். தம்பி கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆட்டின் விலா ஏறி இறங்குவதை எண்ணினான். செம்மறி மூச்சினால்தான் சூட்டை வெளியேற்றுகிறது; உச்சிவெயிலில் எந்த இனம் குறைவாக மூச்சு வாங்குகிறதோ அதுவே வெப்பநாட்டுக்கு ஏற்றது என்பது அவன் கணக்கு.

"உங்க தம்பி ஆடு வாங்க வந்தாரா, நாடி பிடிக்க வந்தாரா?" என்றார் பண்ணைக்காரர்.

இரண்டு பட்டியிலும் நிமிடத்திற்கு நாற்பதுதான் வந்தது.

"குளிர்ல எண்ணுனா எல்லாம் ஒண்ணாத்தான்க்கா வரும். கோடையில ஒரு மத்தியானம் வந்து எண்ணிட்டு முடிவு பண்ணலாம்."

"நீ எண்ணிக்கிட்டே இரு. அதுக்குள்ள என் ராட்டையில சிலந்தி நூல் நூத்துடும்."

தம்பி சிரித்துவிட்டான். அவள் கையிலிருந்த மெரினோ உரோமம் உண்மையிலேயே பஞ்சைத் தோற்கடித்தது. ஒன்பது மெரினோக்களுடன் திரும்பினார்கள். அவற்றுள் மிக மென்மையானதற்கு அக்காள் 'மெத்தை' என்று பெயர் வைத்தாள். இவற்றுக்கு இடம் வேண்டித் தம்பி தன் பழைய ஆடுகள் அனைத்தையும் பிறருக்குக் கொடுத்துவிட்டான்.

குளிர் விலகியதும், உரோமத்தைக் கத்தரித்துவிடலாம் என்று அவன் சொன்னான். இப்போது கத்தரித்தால் வெயில் முற்றுவதற்குள் ஒரு விரற்கனம் வளர்ந்துவிடும் என்பது அவன் எண்ணம். அக்காளுக்கோ நூல் அறாமல் ஓட இன்னும் சிறிது நீளம் வேண்டியிருந்தது. மூன்று வாரம் பொறு என்றாள். அவனும் பொறுத்தான்.

வெயில் பொறுக்கவில்லை. எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து, ஒரே வாரத்தில் முற்றிவிட்டது. ஆட்டுக் கொட்டகை நிழலில் நான்கு ஆடுகளே நிற்க முடியும். தம்பி நிழல்வலை வாங்க நகரத்திற்குப் போனான். ஆடுகள் வாயைத் திறந்து இரைப்பதைக் காணச் சகியாமல், அவன் வருவதற்குள் அக்காள் ஒன்பதையும் தானே கத்தரித்து முடித்தாள். கம்பளிச் சட்டையைக் கழற்றினால் புழுக்கம் தீரும் என்று நினைத்தாள். தோல் தெரியும்படி, ஒரு கீறலும் இன்றி, வெகு நேர்த்தியாகக் கத்தரித்திருந்தாள்.

மாலையில் திரும்பிய தம்பி, இளஞ்சிவப்பாக நின்ற ஒன்பது உடம்புகளையும் பார்த்தான். தோளிலிருந்த நிழல்வலையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஒரு விரல் கனமாவது விட்டிருக்கலாமேக்கா. வெயில்ல அதுங்களுக்குக் குடையே அதுதானே."

அவள் கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது. விடிவதற்குள் இருவரும் வலையைக் கட்டிவிட்டார்கள். ஆயினும் அன்றைய வெயிலிலேயே அந்தத் தோல் வெந்திருந்தது. மறுநாள் மூன்று விழுந்தன. அதற்கடுத்த நாள் ஐந்து. மூன்றாம் நாள் மெத்தை மட்டும் எஞ்சியது.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். அக்காள் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தபோது, தம்பியை வாசற்படலருகே அழைத்துப் போய்ச் சொன்னார்: "இப்போ மூச்சு நூத்தித் தொண்ணூறு ஓடுது. வெயில் தணியாம மூச்சு மட்டும் குறைஞ்சா, பிழைச்சிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. இரைக்கக்கூட தெம்பில்லைன்னு அர்த்தம்."

பிற்பகல் இரண்டு மணி. நனைத்த சாக்கைத் தம்பி ஆட்டின் கழுத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். அக்காள் அவனுடைய கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, அவன் பண்ணையில் எண்ணியதைப் போலவே விலாவைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். நூற்று எழுபது. சிறிது நேரம் கழித்து நூற்றிருபது. பின்பு எண்பது.

"தணியுதுடா" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் குரல் தெளிந்திருந்தது. "உன் கணக்குப்படியே தணியுது, பாரு."

தம்பி திரும்பி, வாளியில் சாக்கை அமிழ்த்தினான்.

"எண்ணுக்கா" என்றான்.

அவள் எண்ணினாள். வெளியே மண்ணில் கால் வைக்க முடியாத வெயில். மெத்தை கழுத்தை நீட்டித் தாடையைத் தரையில் வைத்திருந்தது. ஒரு முழு நிமிடம் எண்ணி முடித்த அக்காள், கடிகாரத்திலிருந்து நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"நாப்பது. அன்னிக்குப் பண்ணையில வந்த அதே நாப்பது."

அவன் சாக்கைப் பிழியாமலே ஆட்டின் மேல் போர்த்தினான்.