கழுத்தில்லாத அத்தை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. எங்கள் கட்டடத்து லிப்ட் ஒரு சனிக்கிழமை காலையில் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. சரிசெய்ய வந்த மெக்கானிக், ஏதோ ஒரு பாகம் வரவேண்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கதை எழுதுவீங்களாமே, வாட்ச்மேன் சொன்னாரு. பேய்க்கதை எழுதுவீங்களா?"

எழுதியதில்லை என்றேன்.

"எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. நான்தான் விரட்டினேன். அப்புறம் நான்தான் தேடிக்கிட்டும் போனேன்" என்றார்.

அவர் சொன்னதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடக் கூடாது, பொய் போடக் கூடாது என்றார். முதலாவது சுலபம்.

2

தொடக்கம் ஒன்று: "அந்த வீட்டுச் செருப்பு அலமாரிக்குள்ளிருந்து மெல்லிய மூச்சுச் சத்தம் –"

அடித்துவிட்டேன். மூச்சுச் சத்தம் எதையும் மெக்கானிக் கேட்கவில்லை.

தொடக்கம் இரண்டு: "சிறு குழந்தைகளின் கற்பனைத் தோழர்களைப் பற்றிச் சிந்திக்கும்போது நாம் –"

இதுவும் போச்சு. உங்களுக்குக் கொட்டாவி வருவதற்குள் எனக்கு வந்துவிட்டது.

சரி, நேராகவே சொல்கிறேன். மெக்கானிக்குக்கு ஒரே மகள். நாலரை வயது. ஆள் சின்னது, பேச்சு கூர்மை என்பதால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். ஒருநாள் காலை அவர் வேலைக்குப் போகும் அவசரத்தில் பூட்ஸை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினார்.

"மெதுவாப்பா! அத்தை தூங்குறாங்க."

"எந்த அத்தை?" அவருக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

"கழுத்தில்லாத அத்தை."

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "கழுத்து இல்லாம எப்படிம்மா?"

"தலை தோள்மேலயே உட்கார்ந்துக்கும். கழுத்தை அவங்க வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டாங்க."

"ஏன்?"

"இங்க இடம் பத்தாதுல்ல?" என்று குனிந்து அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஓர் ஆள் கழுத்தோடு அங்கே உட்கார முடியாது.

3

இந்த இடத்தில் குண்டூசியின் அம்மாவை எப்படி எழுதுவது என்று எனக்கு ஒரே குழப்பம். முதல் வரைவில் அவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அடுத்த தடவை வந்தபோது படித்துக் காட்டினேன், மெக்கானிக்குக்குத் தேநீர் புரையேறியது.

"அவளா? ஆஸ்பத்திரி லேப்ல தினம் நாப்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவ சார் அவ!"

(பெண்ணான என்னைத்தான் சார் என்றார். அப்படியே விட்டிருக்கிறேன்.)

நடந்தது வேறு. சேதி தெரிந்ததும் அம்மா கீழ்த்தட்டிலிருந்து தன் செருப்புகளை எடுத்து மேலே வைத்தார். "அத்தைக்குக் கால் நீட்ட இடம் வேணாமா? அவங்களுக்கு என்னடி பிடிக்கும்?" என்று மகளைக் கேட்டார்.

"சாக்ஸ் வாசனை."

"அப்ப உங்கப்பா வீட்டுக்கு வந்தா அவங்களுக்குக் கொண்டாட்டம்தான்."

தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆக, பயந்தது அப்பா. பன்னிரண்டு மாடி உயரத்தில், லிப்ட் ஓடும் குழிக்குள் அனாயாசமாக நின்று வேலை பார்க்கிற மனிதர், சொந்த வீட்டில் செருப்பு எடுக்கப் போகும்போது தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். கதவைத் திறக்குமுன் விரலால் இரண்டு தட்டு.

4

அத்தைக்கு நாளாக ஆக வாய் நீண்டது.

அத்தைக்கு இருட்டில்தான் கண் தெரியுமாம். அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைத் தலைமாட்டில் நின்று பார்த்தாராம். நாக்கைக்கூட எண்ணினாராம். ("எத்தனை இருந்துச்சாம்?" என்று அம்மா கேட்டார். "ஒண்ணுதான். அத்தைக்கு ஏமாற்றம்.")

ஒரு புதன்கிழமை, வாசலில் டாட்டா காட்டும்போது குண்டூசி சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, உன் கயிறு அறுந்துடும்னு அத்தை சொன்னாங்க."

அவர் இறங்கிப் போனார். அன்றைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளை ஒருமுறை பார்த்தார். மறுமுறை பார்த்தார். மூன்றாம் முறை விளக்கைப் பிடித்துக்கொண்டு இழை இழையாகத் தடவிப் பார்த்தபோது கூட வேலை செய்பவர் கேட்டார்: "என்னண்ணே, கயித்துக்கு ஜோசியம் பாக்குறீங்களா?"

இப்போது ஒரு பிரிந்த இழை கண்ணில் பட வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். எழுதியும் விட்டேன். 'அவர் விரல் ஓரிடத்தில் சட்டென்று –' என்று ஆரம்பித்து அரைப் பக்கம். நல்ல அரைப் பக்கம்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். "பொய் போடக் கூடாதுன்னேன்ல? கயிறு கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனாலும் அன்னிக்கு நான் குழிக்குள்ள இறங்கவே இல்ல. பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை."

5

சாயங்காலம் வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அலமாரியை அகலத் திறந்தார்.

"வெளிய வாங்க" என்றார், உள்ளே பார்த்து.

குண்டூசி ஓடிவந்தாள். விளையாட்டு என்று நினைத்துக் கையைத் தட்டினாள். அவர் வாசல் கதவைத் திறந்து, யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்று, லிப்ட் பொத்தானை அழுத்தினார். லிப்ட் வந்தது. ஆளில்லாத அந்தப் பெட்டிக்குள் கையை நீட்டித் தரைத்தளத்துக்கு அழுத்திவிட்டு விலகினார்.

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன். போங்க. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது."

கதவு மூடியது. மேலே எண்கள் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கின. குண்டூசி அழவில்லை. தரைத்தளம் வரும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த வண்ணப் பென்சில்களை மறுபடி அடுக்கி வைத்தாள்.

அன்றிரவு தனக்கு நல்ல தூக்கம் வந்தது என்று மெக்கானிக் ஒப்புக்கொண்டார். அவரை வெறுத்துவிடாதீர்கள். வெறுக்காமல் இருக்கும்படி இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் லிப்ட் கொஞ்சம் மெதுவாக இறங்கியது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

6

இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. குண்டூசி கேட்டதற்குப் பதில் சொன்னாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், சொன்னபடி படுத்தாள். "பாத்தியா, சமத்தாயிட்டா" என்றார் அவர்.

மூன்றாம் நாள் அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடியதால் அது காதில் விழுந்தது.

"அம்மா, நான் பயமா ஏதாச்சும் சொன்னா என்னையும் அப்பா லிப்ட்ல வச்சி அனுப்பிடுவாரா?"

ஈரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

தலை வாரி முடித்து மகளை விளையாட அனுப்பிவிட்டு மனைவி அடுப்படிக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "போன மாசம் உங்ககூட வேலை பாக்குற ஒருத்தர் விழுந்து காலை முறிச்சிக்கிட்டாரே, அதை நாம எங்க நின்னு பேசினோம்?"

"இங்கதான்."

"அவ எங்க இருந்தா?"

நினைத்துப் பார்த்தார். செருப்பு அலமாரிப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள்; அது அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் இருந்தது.

"அன்னிலேர்ந்துதாங்க அத்தை வந்தாங்க. நம்ம பிள்ளைக்குப் பயம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரல, அதுக்கு ஒரு அத்தை தேவைப்பட்டாங்க. நீங்க அத்தையைத் துரத்திட்டீங்க. பயம் இங்கதான் இருக்கு."

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?"

"எனக்கே இப்பதான் விளங்குது. நானும் சிரிச்சிக்கிட்டுத்தானே இருந்தேன்?"

(இரண்டாவது வரைவில் இந்த அம்மா எல்லாம் அறிந்தவராக இருந்தார். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருந்தார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.)

7

"குண்டூசி, செருப்பைப் போட்டுக்க. அத்தையைக் கூட்டிட்டு வரலாம்" என்றார் மெக்கானிக்.

ஆறாம் மாடியிலிருந்து லிப்டில் இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும். "அத்தை!" என்று அவள் கூப்பிடுவாள். இருவரும் காது கொடுப்பார்கள். மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரம்மா துணி மூட்டையோடு நின்றார்.

"யாரைத் தேடுறீங்க?"

மெக்கானிக் ஒரு நொடி தயங்கினார். பிறகு நிமிர்ந்தே சொன்னார்: "கழுத்து இல்லாத ஒரு அம்மாவை."

தையல்காரம்மா கொஞ்சம் யோசித்தார். "இந்தப் பக்கம் வரலியே. வந்தா உட்கார வைக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுத்தா எனக்கும் வேலை சுலபம்."

தரைத்தளத்தில் கதவு திறந்தது. கூடம் காலியாகக் கிடந்தது. மெக்கானிக் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு அத்தை என்றால் தனக்கு என்ன முறை என்று அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது.

"அக்கா" என்றார். "மன்னிச்சிடுங்கக்கா. நீங்க அப்படிச் சொன்னதும் பயந்துட்டேன். அதான் விரட்டிட்டேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

குண்டூசி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீயா பயந்த?"

"ஆமாம்மா."

"எனக்கும்தான்" என்றாள். பிறகு அத்தையை நடுவில் வைக்காமல், தானே சொன்னாள்: "நீ விழுந்துடுவியோன்னு."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். இடுப்பில் மாட்டும் பெல்ட் எப்படிப் பூட்டும், ஒரு கயிறு போனால் மற்றவை எப்படித் தாங்கும் என்று தன் விரல்களை வைத்து அவளுக்குக் காட்டினார். விழவே மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. "ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவேன்" என்றார். அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

8

அத்தை லிப்டில் ஏறினாரா?

இதை மெக்கானிக்கிடம் நேராகவே கேட்டேன். "அதைப் பாப்பா என் காதுல சொன்னா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா" என்றார். எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை.

ஏறிவிட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். இனி அவசியமில்லை என்று மூன்றாம் மாடியிலேயே தங்கிவிட்டார் என்று இன்னொன்று. இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. இரண்டையும் கிழித்துவிட்டேன், ஏனென்றால் ஒரு குழந்தை தன் அப்பா காதில் சொன்னது எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டில் நாலு வயதில், ஐந்து வயதில் யாராவது இருந்தால் இதுவரை உள்ளதைப் படித்துக் காட்டிவிட்டு அவர்களிடம் கேளுங்கள். குனிந்து காதைக் கொடுங்கள். என்ன சொன்னாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.