சிஞோராவின் சாமான் அறையில் வீங்கிய பீப்பா

நாலாம் மாடி ஜோக்கிம் யாருக்கும் சொல்லாமல் பியர் காய்ச்சுகிற விசயம் இத்தாலியின் ஒரேத்தோ பகுதியில் அந்தக் கட்டடத்தின் நாலு மாடிக்கும் தெரியும். புளித்த மா வாசம் படிக்கட்டால் இறங்கி வந்தால் யாருக்குத்தான் தெரியாது? தெரியாத ஒரே ஆள், இரண்டாம் மாடியில் அவன் வேலை பார்க்கும் வீட்டின் எசமானி, சிஞோரா. அவர் கோடைக்கு மொண்டெல்லோ கடற்கரைக்குப் போய்விட்டார். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி ஜோக்கிமிடம். மடு மாதா திருநாளுக்கென்று காய்ச்சியதை ஐந்து லீற்றர் தகரப் பீப்பாவில் அடைத்து, சிஞோராவின் சாமான் அறையிலேயே ஒளித்து வைத்திருந்தான். அங்கேதான் குளிர்ச்சியாம்.

இன்று காலை அறையைத் திறந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். பீப்பாவின் அடி நிறைமாத வயிறாய் வீங்கி, நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது. வெடித்தால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க எந்த வாயால் கேட்பது? போதாததற்கு, கடற்கரைக் குடை எடுக்க வருவதாகச் சிஞோரா போன் எடுத்திருந்தார். குடை பீப்பாவுக்குப் பின்னால்.

பீப்பா கொடுத்த றஞ்சித்துக்கு மொண்டெல்லோவில் பார் வேலை. ஜோக்கிம் போனில் அவனை அழைத்தான்.

"சீனி எவ்வளவு போட்டனீங்கள், அண்ணை?"

"போத்தல் கணக்குத்தான். பதினைஞ்சு போத்தலுக்குப் பதினைஞ்சு அரைக் கரண்டி."

"ஐயோ, பீப்பாவுக்கு அதிலை பாதி காணும், மிச்சச் சீனி காத்தாய் மாறும்!"

பின்னால் நின்ற மனைவி அகஸ்ரீனா செருமினாள். "இஞ்சாருங்கோ... நானும் நாலு கரண்டி போட்டனான்."

"என்னத்துக்கு?"

"சனம் குடிக்கிறது. தேத்தண்ணியிலை சீனி குறைஞ்சாலே ஆறு மாசம் கதைப்பினம்."

றஞ்சித் சிரிக்கவில்லை. அதுதான் ஜோக்கிமை இன்னும் பயமுறுத்தியது.

"குலுக்காதையுங்கோ. ஐஸ் வைச்சு ஈரத் துவாயாலை சுத்துங்கோ. பிறகு மூடியின்ரை சிவப்புக் குமிழை மயிரிழை திருப்பிக் காத்தை விடுங்கோ. நுரை வந்தா உடனை மூடுங்கோ."

அப்படியே செய்தார்கள். முதல் முறை, பாம்பு சீறுகிற சத்தம். நுரை. மூடினான். இரண்டாம் முறையும் சீறல் குறையவில்லை. மூன்றாம் முறை குமிழில் கை வைத்தபோது வாசலில் சாவி திரும்பியது.

"குடை மேலை எங்கடை வீட்டிலை எண்டு சொல்லுங்கோ," அகஸ்ரீனா கிசுகிசுத்தாள்.

செருப்புச் சத்தம் நேரே அறைக்கு வந்தது. சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார். ஆனால் கதவிடுக்கில் அவர் முகத்தைக் கண்டதும் ஜோக்கிமுக்குப் பொய்யும் மறந்தது, இத்தாலிய மொழியும் மறந்தது.

"வராதையுங்கோ, சிஞோரா! வெடிக்கும்!"

தமிழ் விளங்கவில்லை, முகம் விளங்கியது. சிஞோரா நடைவழிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். குமிழைத் திருப்பித் திருப்பி மூடியபடியே ஜோக்கிம், நினைவுக்கு வந்த அரைகுறை இத்தாலிய மொழியில், பியரையும் சீனியையும் சாவியைத் தப்பாய்ப் பாவித்ததையும் ஒப்புக்கொண்டான். கடைசியில் சீறல் பெருமூச்சாகி அடங்கியது.

சிஞோரா குடையை எடுத்தார். அதன் நுனியால் பீப்பாவைச் சுட்டினார்.

"இது இப்பவே போக வேண்டும். நீ திங்கள் வழக்கம்போல் வேலைக்கு வா. சாவியை மட்டும் வைத்துவிட்டுப் போ."

ஈரத் துவாய் சுற்றிய பீப்பாவைப் பச்சைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, அவன் நாலாம் மாடிக்கு ஏறினான். யாரும் வெளியே வரவில்லை. கதவுகள் மட்டும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு விரல் அகலம் திறந்திருந்தன.