கதிர்க்குருவிக்கு ஒரு கைத்தட்டு

"நான் கவியரசன், வயசு இருபத்திமூணு, இப்ப பெங்களூர்ல அர்க்காவதி ஆத்தோரப் பார்க்குல இருக்கேன்," என்று போனை வாயருகே வைத்துச் சொன்னான் அவன். சொல்லச் சொல்ல அது எழுத்தாகியது. போகப்போவது குடும்பக் குரூப்புக்குத்தான். ஆனாலும் பதற்றம் வந்துவிட்டால் இன்டர்வியூவுக்குப் போனவன் மாதிரிதான் அவனுக்குப் பேச்சு ஆரம்பிக்கும்.

நடந்தது இதுதான்.

பீன்யா தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அறைச் சுவரைப் பார்த்தே கழிந்தன. கூட வேலை செய்யும் லாயிட்தான் பாவம் பார்த்து, பறவை பார்க்கப் போகும் கும்பலோடு அவனை இழுத்து வந்தான். கும்பலை நடத்துகிறவள் ஜூடித், ஆஸ்டின் டவுன்காரி, பள்ளிக்கூட டீச்சர். கேட்டிலேயே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு ட்ரயல் மேன். சத்தம் போடாம இருந்தா அடுத்த வாரமும் வா. இல்லேன்னா டாட்டா."

கவியரசன் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தான். மாங்குயில் தெரிந்தது, மீன்கொத்தி தெரிந்தது. எல்லாவற்றுக்கும் வாயை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

ஆற்றோரப் புதர் ஒன்றிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வந்தது. கதிர்க்குருவி! குளிருக்கு வந்த அது வடக்கே கிளம்புகிற நேரம். இப்போது விட்டால் இனி மழை முடிந்துதான் திரும்பி வரும். எல்லாரும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். குருவி இலைக்குள்ளிருந்து வெளியே வருவதாயில்லை.

உதவி செய்து நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று கவியரசனுக்குத் தோன்றியது. ஊரில் சோளக்கொல்லையில் கிளி ஓட்டிய கை. புதரருகே போய்ப் படாரென்று கைதட்டினான்.

கரையிலிருந்த கொக்கெல்லாம் ஒரே வீச்சில் கிளம்பின.

"அடப்பாவி, ஆறே எந்திரிச்சுப் போச்சுடா!" என்றான் லாயிட்.

ஜூடித் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கவியரசன் அப்படியே நின்றுவிட்டான். கை கால் எதுவும் அசையவில்லை. போச்சு, இனி ஞாயிறெல்லாம் அந்தச் சுவர்தான்.

கொஞ்ச நேரம் போனது.

"கவி," ஜூடித்தின் குரல் கிசுகிசுத்தது. "அசையாத."

"மூச்சு விடுறியா?" என்றான் லாயிட்.

"கொஞ்சம்."

"அதையும் ஸ்வல்பா கம்மி பண்ணு."

அவன் தோளுக்குப் பக்கத்துக் குச்சியிலேயே கதிர்க்குருவி வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தலையைத் திருப்ப முடியாத அவன் மட்டும்தான் பார்க்கவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்றான், உதடு அசையாமல்.

"சின்னதா, பிரவுனா இருக்கு. உன்னத்தான் மொறைக்குது," என்றாள் ஜூடித்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அலறியது. அம்மா! குருவி விருட்டென்று அவன் மூக்குக்கு முன்னால் பறந்து அக்கரைக்குப் போனது.

"பாத்துட்டேன்!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

முதலில் சிரித்தது ஜூடித்துதான். "நெக்ஸ்ட் சண்டேவும் வா மேன். நீ மரம் மாதிரி நில்லு, நாங்க பாத்துக்கறோம். ஆனா அந்தப் போன் மட்டும் கத்துச்சுன்னா..."

இவ்வளவையும் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் போனுக்குச் சொல்லி முடித்தவன், அனுப்புவதற்குமுன் இதையும் சேர்த்தான்.

"படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, அம்மாகிட்டயும் சொல்லிடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம காலைல எனக்கு யாரும் போன் பண்ணாதீங்க."