நாலணாப் பெட்டியும் பிரேக் பிடிக்காத லாரியும்

லாரி ஓட்ட எவன் லாயக்கு என்று கண்டுபிடிக்க ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று கேட்டதும் சண்முகத்தாய்க்குச் சிரிப்புதான் வந்தது. மாதா கோயில் திருவிழாக் கடைகளுக்கு நடுவே, தகரக் கொட்டகைக்குள் நின்றது அது. கப்பலில் வந்த சரக்காம். கண்ணாடிக்குப் பின்னால் துணியில் வரைந்த ரோடு சுருண்டு சுருண்டு ஓடும். முன்னால் ஒரு ஸ்டியரிங். நாலணா போட்டால் பொம்மைக் கார் கிளம்பும். முட்டினால் மணி அலறிச் சிவப்பு விளக்கு எரியும், கார் நின்றுவிடும், மறுபடி நாலணா போட வேண்டும். வேகமாகப் போனால் எண் ஏறும். அவ்வளவுதான். இதற்கு ஒரு கூட்டம், ஒரு கைதட்டல்! வேலைவெட்டி இல்லாத ஆம்பிளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் உப்பள முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சி விளையாட்டாகச் சொல்லவில்லை. அவரிடம் லாரி இரண்டு. ஒன்று புத்தம் புதுசு. மற்றது, மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த பிறகு பிரேக் பிடிக்கிற கிழடு. அதைத்தான் சண்முகத்தாயின் புருசன் வெள்ளத்துரை ஓட்டிக்கொண்டிருந்தான். "பெட்டியில எவன் கூட நம்பர் எடுக்கானோ அவனுக்குப் புது வண்டி, தோத்தவனுக்குப் பழசு" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். புருசன் ஒவ்வொரு நடையும் போய்த் திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவள் அவள். இப்போது அவன் உயிர் நாலணாப் பெட்டிக்குள் கிடக்கிறது. தூ!

முதலில் இன்னொரு டிரைவரான வளன் உட்கார்ந்தான். இளவட்டம். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிடவில்லை. மாட்டுவண்டியை உரசினான். முட்டினான், மணி அலறியது, சிரித்துக்கொண்டே இன்னொரு நாலணாவைப் போட்டு மிதித்தான். எண் ஏறிக்கொண்டே போனது.

"கை என்னமாப் பறக்குது பாத்தியா! பயம்னா என்னன்னே தெரியாத பய!" அண்ணாச்சி பூரித்துப் போனார்.

அடுத்து வெள்ளத்துரை. நிதானமாக ஓட்டினான், எதிலும் முட்டவில்லை. எண் வளனுடையதை நெருங்கியது. அப்போது வளைவில், ரோட்டோரம், ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம் வந்தது. எட்டயபுரம் ரோட்டு வளைவில் சுடலைமாடன் கோயில் நிற்குமே, அதே மாதிரி. வெள்ளத்துரையின் வலது கை தானாக நெற்றிக்குப் போனது. நிஜ லாரி ஒரு கைக்கு அடங்கும். இந்தச் சனியன் அடங்கவில்லை. மணி அலறியது.

கொட்டகையே சிரித்தது. சுற்றி வரும் துணி அல்லவா, கோயிலும் திரும்பத் திரும்ப வந்தது. வரும்போதெல்லாம் கும்பிட்டான், முட்டினான். எண் வளனுடையதை எட்டவேயில்லை. கும்பிடாமல் அந்த வளைவைத் தாண்டக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியவளே சண்முகத்தாய்தான். அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது.

"ஏலே, பொம்மைக் கோயிலக் கும்பிட்டு விழுதியே! உனக்குப் பழசுதாம்லே லாயக்கு." அண்ணாச்சி பழைய லாரிச் சாவியை வெள்ளத்துரையிடம் விட்டெறிந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கீழே விழுந்த சாவியை எடுத்தாள் சண்முகத்தாய்.

"அண்ணாச்சி, வளன்தான கெட்டிக்காரன்? கை பறக்குது, பயமும் கிடையாது. அப்ப பிரேக் இல்லாத வண்டிய அவன்தான ஓட்டணும்? முட்டி முட்டி விழுதவனுக்கில்லா நல்ல பிரேக்கு வேணும்?"

"அதுவும் சரிதான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவள் சாவியை நீட்டினாள். "இந்தா வளன், பிடி."

வளன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "சேசுவே! அது எமன்க்கா. நான் மாட்டேன்."

"பெட்டியில அம்புட்டுத் தடவ முட்டினியே?"

"அதுல நாலணா போட்டா மறுபடி கிளம்பிரும்லாக்கா."

"கேட்டீங்களா அண்ணாச்சி?" அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "எம்புருசன் முட்டினா நாலணாவ எங்கன போடணும்? அதச் சொல்லிட்டு வண்டிய அனுப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி... பிரேக்க மாத்தித்தான் பாப்போம்."

"மாத்துங்க. மாத்தினதும் மொத நடை நீங்களும் கூட ஏறிப் போகணும். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கும்."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த புருசனைப் பார்த்தாள்.

"எந்திரிங்க. கும்பிட்டது போதும்."