இரண்டாவது கோடு

டமார் என்ற சத்தத்தில் பாக்கிங் அறையிலிருந்த பெண்கள் எல்லாம் வாசலுக்கு ஓடிவந்தார்கள். ரிவர்ஸ் எடுத்த லாரி, கேட் தூணைச் சாய்த்திருந்தது. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு இறங்கினார்.

பிலோமின்ராஜுக்குக் கோபமே வரவில்லை. "தூண் போனா போகுது விடுங்க! ஒரு மாசமா மிஷின் தூங்குது. சரக்கு வந்துச்சே!"

"லேட்டா வந்தாலும் மேளம் அடிச்சிட்டு வந்திருக்கு சார்" என்றாள் பாக்கிங் பிரிவு லிசி. எல்லோரும் சிரித்தார்கள்.

துவாக்குடியில் அவர் நடத்தும் சின்ன ஃபேக்டரி அந்த மூட்டைகளை நம்பித்தான் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து லாரியில் வரும் கோதுமை ஸ்டார்ச். கோதுமையைப் பலமுறை கழுவி, அதிலுள்ள குளூட்டன் என்ற பசைப் புரதத்தை நீக்கிய பிறகு மிஞ்சும் வெள்ளை மாவு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக அதில் ரொட்டியும் பிஸ்கட்டும் செய்து விற்கிறார்.

அவருடைய முதல் வாடிக்கையாளர் மகள் லின்சிதான். மூன்று வயதில் எலும்பும் தோலுமாகப் புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். சாதாரண பிஸ்கட் ஒன்று போதும், குடல் புண்ணாகிவிடும் என்றார் டாக்டர். பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு சேர்ப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மனைவி டோரதி சாம்பாருக்குப் பெருங்காயம் போடுவதில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும் என்று அழுத மகளுக்காக வாங்கிய ஒரு பை ஸ்டார்ச்சில் ஆரம்பித்ததுதான் இத்தனையும்.

எந்த மூட்டை வந்தாலும் டோரதி சோதித்த பிறகுதான் பிரிப்பார்கள். மாவைக் கரைசலில் கலக்கி, காகிதப் பட்டையை நனைத்தாள். கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரிதான். ஒரு கோடு என்றால் சுத்தம்.

இரண்டாவது கோடு விழுந்தது. அழுத்தமான சிவப்பு.

"மூட்டையை மாத்திப் பாரு" என்றார் பிலோமின்ராஜ். மாற்றிப் பார்த்தாள். லாரியின் அடியிலிருந்து ஒன்றை இழுத்துப் பிரித்தும் பார்த்தாள். எல்லாவற்றிலும் இரண்டு கோடு.

டோரதி குடோன் மூலையில், மிஷின் ஓட்டப் பத்தாமல் மிச்சமிருந்த நாலு பழைய மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினாள். புது மாவின் தூசி அவற்றில் பட்டுவிடக் கூடாது என்பதில் இவளுக்குத்தான் எவ்வளவு கவனம் என்று நினைத்துக்கொண்டே பிலோமின்ராஜ் முன்னறையிலிருந்து இறக்குமதி ஏஜென்ட் மன்சூருக்குப் போன் போட்டார்.

"என்னப்பா அனுப்பியிருக்க? குளூட்டன் இருக்கு இதுல!"

"அண்ணே, வழக்கமா வர்ற கோதுமை ஸ்டார்ச் போடுன்னீங்க. உங்க வழக்கம் எனக்கு எப்படிண்ணே தெரியும்? அல்வா கம்பெனிங்க வாங்குற, அவ்வளவாக் கழுவாத சாதா சரக்கைத்தான் போட்டேன். துறைமுகத்துலயும் நல்ல ஸ்டார்ச்னுதானே பாஸ் பண்ணாங்க?"

பிலோமின்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழைய ஏஜென்ட் கண்ணை மூடும்வரை 'வழக்கமானது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பழக்கத்தில் புது ஆளிடமும் அதையே சொல்லியிருந்தார்.

"திருப்பி அனுப்பிடலாமா?"

"கப்பல்ல வந்த சரக்குண்ணே. தப்பு நம்ம பக்கம். எவன் திருப்பி எடுப்பான்? வேணும்னா அல்வா கம்பெனில கேக்குறேன். கால் விலைக்குத்தான் கேப்பாங்க."

"கால் விலைக்கு வித்தா பேங்க்காரன் வந்து ஃபேக்டரியைப் பூட்டிடுவான்யா. வீடும் அவன்கிட்டதான் இருக்கு."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க." மன்சூரின் குரல் தணிந்தது. "பழைய மாவோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து ஓட்டிடுங்க. பாக்கெட்டைப் பிரிச்சு யாருண்ணே டெஸ்ட் பண்றாங்க?"

"வைடா போனை! எம்பொண்ணு மாதிரி எத்தனை பிள்ளைங்க சாப்பிடுது!"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கதவருகில் டோரதி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். நல்லவேளை, கத்தினோம் என்று தோன்றியது. அதை நினைத்துப் பார்க்கக்கூட இவள் ஒப்பமாட்டாள்.

"சார், வண்டி வந்துடுத்தா? வாசல்ல தூணே விழுந்து கிடக்கே!"

ஸ்ரீரங்கத்திலிருந்து மாதாமாதம் பஸ் பிடித்து வருகிற ரங்கநாயகி மாமி. அவருடைய பையன் முகுந்தனுக்கும் லின்சிக்கு இருக்கும் அதே வியாதி.

"வாங்க மாமி, உட்காருங்க" என்று டோரதி மின்விசிறியைப் போட்டாள்.

"ஒரு மாசமா ரொட்டி இல்லாம ஏங்கிப் போயிட்டான். ஸ்கூல்ல டூர் அழைச்சுண்டு போறா. வழியில எதைத் தருவாளோன்னு பயமா இருக்கு. பெருமாள் பிரசாதம்னாலே பெருங்காயம் இருக்குமோன்னு ரெண்டு தடவை யோசிக்கறவ நான். உங்க லின்சி சாப்பிடற ரொட்டின்னாதான் கண்ணை மூடிண்டு குடுத்தனுப்புவேன்."

"லின்சி எப்படி இருக்கா?" என்று வேறு கேட்டார்.

"நல்லா இருக்கா மாமி" என்றாள் டோரதி.

பிலோமின்ராஜ் எழுந்து குடோனுக்குள் போனார். அதற்குள் லாரியிலிருந்து இறக்கிக் கூரை வரை அடுக்கிய மூட்டைகள். வெளியே அரவம் இல்லை. என்ன நடக்கிறதென்று லிசிக்கும் மற்றவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். இந்த வேலை போனால் அவர்களுக்குப் போக்கிடம் ஏது? வீடு போனால் லின்சியை வைத்துக்கொண்டு இவர்தான் எங்கே போவார்? எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவரில்தான் முட்டியது.

டோரதி பின்னாலேயே வந்தாள். ஆபீஸ் அறைச் சாவி இன்னும் அவள் கையில் இருந்தது.

அவளைப் பார்க்காமலே சொன்னார். "மூடிடலாம் டோரதி. வீடு போனாலும் போகட்டும். மாமிகிட்ட நானே சொல்லி அனுப்பிடறேன். உன்னால சொல்ல முடியாது."

அவர் வாசலை நோக்கித் திரும்பியபோது டோரதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பழைய மூட்டை நாலும் லின்சிக்குங்க, அதுல கை வைக்காம புது மாவைப் பிரிக்கச் சொல்லுங்க, மாமியை நான் உட்கார வச்சிருக்கேன்."